13 வயசுல 628 நாட் அவுட் அடிச்ச காலின்ஸ், அப்புறம் ஏன் பெரிய கிரிக்கெட்ல ஆளையே காணோம்?

கல்லி_ஃபீல்டர் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம், ரொம்ப நாளா மண்டைய குடையுற ஒரு சந்தேகம். சின்ன வயசுல படிச்ச பொது அறிவு புக்குல எல்லாம் கிரிக்கெட்ல ஒரே ஆள் அடிச்ச அதிகபட்ச ரன் 628, அடிச்சவர் ஏ.இ.ஜே. காலின்ஸ்னு ஒரு வரி இருக்கும், அதோட சரி, யாரு என்னன்னு ஒண்ணும் இருக்காது. நானும் ஏதோ இங்கிலாந்து டெஸ்ட் பிளேயரா இருப்பார்னு தான் நெனச்சிருந்தேன். 2016-ல கல்யாண்ல பிரணவ் தனவடே 1009 அடிச்சப்போ பேப்பர்ல "116 வருஷ சாதனை முறியடிப்பு"ன்னு போட்டாங்க பாருங்க, அப்ப தான் தெரிஞ்சுது காலின்ஸ் அந்த 628-ஐ அடிச்சப்போ 13 வயசு ஸ்கூல் பையன்னு.

தேடிப் பாத்தா டெஸ்ட் இல்ல, கவுண்டி (இங்கிலாந்து மாவட்ட டீம்) இல்ல, ஃபர்ஸ்ட் கிளாஸ்னு சொல்ற பெரிய லெவல் மேட்ச் ஒண்ணு கூட ஆடல. ஆர்மி ஆபீசர் ஆனார், போர்ல செத்தார்னு ரெண்டு வரில முடிச்சிடுறாங்க. 13 வயசுல 628 அடிச்சவன எந்த டீமும் கூப்பிடலயா, இல்ல இவரே போகலயா? இல்ல அந்த 628-ஏ டுபாக்கூரா? விவரம் தெரிஞ்சவங்க கொஞ்சம் நீளமாவே எழுதுங்க, படிக்க நான் ரெடி.

---

பழைய_ஸ்கோர்புக் எழுதியது:

நல்ல கேள்வி நண்பா. டுபாக்கூர் இல்ல, ஆனா அந்த மேட்ச் எப்படி நடந்துச்சுன்னு தெரிஞ்சா தான் அந்த நம்பருக்கு அர்த்தம் புரியும், அதனால மேட்ச்ல இருந்தே ஆரம்பிக்கிறேன்.

1899 ஜூன் 22, பிரிஸ்டல்ல கிளிஃப்டன் காலேஜ். பேரு தான் காலேஜ், ஆனா ஸ்கூல். உள்ளுக்குள்ள ஹவுஸ் ஹவுஸா பிரிச்சு மேட்ச் வைப்பாங்க, நம்ம ஸ்கூல்ல ரெட் ஹவுஸ் புளூ ஹவுஸ் இருக்குமே அந்த மாதிரி தான். காலின்ஸ் இருந்தது கிளார்க்ஸ் ஹவுஸ், எதிர் டீம் நார்த் டவுன், அதாவது வீட்டுல இருந்து தினம் வந்து போற பசங்களோட ஹவுஸ். அதுலயும் சீனியர் டீம் கூட இல்ல, ஜூனியர் டீம். டாஸ் ஜெயிச்சு பேட்டிங் எடுத்துட்டு இவரே ஓபனிங் இறங்கினார். முதல் நாள் சாயங்காலம் முடியும்போது 200. பாடம் முடிஞ்ச அப்புறம் கிடைக்கிற நேரத்துல தான் ஆடணும்ங்கிறதால மேட்ச் நாள் கணக்குல இழுத்துச்சு. ரெண்டாவது நாள் ஸ்டோடார்ட்டோட 485-ஐ தாண்டினார். ஸ்டோடார்ட் இங்கிலாந்து கேப்டனா இருந்தவர், 1886-ல ஹாம்ப்ஸ்டெட் கிளப்புக்கு அடிச்ச ஸ்கோர் அது, முந்தின ராத்திரி முழுக்க சீட்டு ஆடிட்டு தூங்காமலே வந்து அடிச்சார்னு அவரப் பத்தி ஒரு கத உண்டு. அப்பேர்ப்பட்ட ஆளோட ரெக்கார்ட ஒரு 13 வயசு பொடியன் தூக்கிட்டான்னதும் ஊரே திரண்டு வந்துடுச்சு, பேப்பர்காரங்களும் வந்துட்டாங்க.

மொத்தம் 6 மணி 50 நிமிஷம் பேட்டிங். கணக்கு பாருங்க: ஒரு சிக்ஸ், நாலு தடவ அஞ்சு ரன், 31 ஃபோர், 33 தடவ மூணு ரன், 146 தடவ ரெண்டு ரன், 87 சிங்கிள். 146 தடவ ரெண்டு ரன்! ஏன் இவ்ளோன்னா கிரவுண்ட் ஒரு பக்கம் ரொம்ப கிட்டக்க சுவர், அந்த பக்கம் தாண்டினா ரெண்டு ரன் தான்னு லோக்கல் ரூல். மத்த பக்கம் சரிவு, பால் உருண்டு ஓடிக்கிட்டே இருக்கும், நீ ஓடுற வரைக்கும் ரன். சிக்ஸ் கூட இப்ப மாதிரி கயிற தாண்டினா போதும்னு கிடையாது, அந்த காலத்துல கிரவுண்ட விட்டே வெளிய போனா தான் சிக்ஸ். அதனால சின்ன கிரவுண்ட்ல ஓசி பவுண்டரி அடிச்சார்னு யாரும் சொல்ல முடியாது, பாதிக்கு மேல கால்ல ஓடி எடுத்தது.

டீம் ஸ்கோர் 836. அதுல 628 போக மீதி பத்து பேரும் எக்ஸ்ட்ராவும் சேந்து 208. கடைசி ஆளா வந்த ரெட்ஃபெர்ன் 13 ரன் அடிச்சு அவுட் ஆனார், அதுக்குள்ள அந்த கடைசி விக்கெட்டுக்கு 183 சேந்துடுச்சு. அந்த பையன் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் நின்னிருந்தா எங்க போய் முடிஞ்சிருக்குமோ. நார்த் டவுன் ரெண்டு இன்னிங்ஸ்ல 87, 61. இன்னிங்ஸ் 688 ரன் வித்தியாசத்துல தோல்வி, பாவம். இதுல காலின்ஸ் பவுலிங்லயும் 11 விக்கெட். அந்த மைதானத்துக்கு இப்ப அவர் பேரு தான்.

இன்னொண்ணு, ஸ்கோரர்ல ஒருத்தர் பெக்லர்னு, "628, ஒரு இருபது கூடவோ கொறச்சலோ இருக்கலாம்"ங்கிற மாதிரி சொன்னதா ஒரு பேச்சு ரொம்ப நாளா இருக்கு. ஸ்கூல் பசங்க மாத்தி மாத்தி எழுதின ஸ்கோர்புக், நாலு சாயங்காலமா ஓடின இன்னிங்ஸ், அதுல ஒண்ணு ரெண்டு தப்பு வராம இருந்தா தான் ஆச்சரியம்.

---

நோ_பால் எழுதியது:

விவரம் எல்லாம் சூப்பர் தான், ஆனா நான் கொஞ்சம் எதிர்க்கட்சி. 87-க்கும் 61-க்கும் ஆல் அவுட் ஆகுற ஒரு டீம்ல பவுலிங் எந்த லட்சணத்துல இருந்திருக்கும்? ஃபீல்டிங்ல கேட்ச விட்டது வேற எக்கச்சக்கம். தனவடே 1009 அடிச்சப்போ என்ன பேச்சு பேசினாங்க, எதிர் டீம்ல ஒழுங்கா ஆடத் தெரிஞ்ச பசங்களே இல்ல, கிரவுண்ட் சின்னது, 1465-க்கு 3 விக்கெட்டுனு ஸ்கோர் போனா அது கிரிக்கெட்டே இல்லன்னு எல்லாம் எழுதினாங்க. ஆட்டோ ஓட்டுறவரோட பையன் அடிச்சா எதிர் டீம் மட்டம், இங்கிலாந்து போர்டிங் ஸ்கூல் பையன் அடிச்சா அது காவியமா? ரெண்டும் ஒரே தராசுல நிறுத்துங்க, அவ்ளோ தான் சொல்றேன்.

இன்னொரு வேடிக்க, காலின்ஸ் பொறந்ததே இந்தியால தான், ஹசாரிபாக், இப்ப ஜார்க்கண்ட். அவங்க அப்பா ஐ.சி.எஸ்.ல ஜட்ஜ். ஆக ரெக்கார்ட் வச்சிருந்தவரும் இந்தியால பொறந்தவர், அத ஒடச்சவரும் இந்தியால பொறந்தவர். ஒருத்தர் ஆள வந்தவங்க வீட்டுப் பிள்ளை, அது மட்டும் தான் வித்தியாசம்.

---

கல்லி_ஃபீல்டர் எழுதியது:

ரெண்டு பேருக்கும் நன்றி. நோ_பால் ப்ரோ, தராசு பாயிண்ட் நியாயம் தான், ஒத்துக்கிறேன். ஆனா என் மெயின் கேள்வி அப்படியே நிக்குது. ஓகே, பவுலிங் மட்டம்னே வச்சுக்குவோம். 7 மணி நேரம் நின்னு ஆடுற பொறுமை 13 வயசுல இருக்குன்னா அந்த பையனுக்கு ஏதோ இருக்குன்னு தானே அர்த்தம். பக்கத்துலயே குளோஸ்டர்ஷயர் கவுண்டி டீம், அது அந்த காலத்து பெரிய ஸ்டார் பேட்ஸ்மேன் டபிள்யூ.ஜி. கிரேஸ் ஊரு. ஏன் ஆடல?

---

வரலாறு_வாத்தி எழுதியது:

தம்பி, நீங்க இன்னிக்கு கண்ணாடி போட்டுக்கிட்டு பாக்குறீங்க. நல்லா ஆடினா மேல மேல போகணும், அது தான் வாழ்க்கைன்னு. 1899-ல அந்த வர்க்கத்து பையனுக்கு கிரிக்கெட் ஒரு தொழிலே கிடையாது. இத கொஞ்சம் விளக்கமா சொல்லணும், பொறுத்துக்குங்க.

அப்ப இங்கிலாந்துல கிரிக்கெட்டர்னா ரெண்டு ஜாதி. ஒண்ணு ஜென்டில்மென், அதாவது அமெச்சூர். இன்னொண்ணு பிளேயர்ஸ், அதாவது கூலி வாங்கி ஆடுறவங்க. ஒரே டீம்ல ஆடுவாங்க, ஆனா டிரஸ்ஸிங் ரூம் வேற, மைதானத்துக்குள்ள வர்ற கேட் கூட பல எடத்துல வேற. ஸ்கோர்கார்டுல அமெச்சூருக்கு இனிஷியல் முன்னாடி போட்டு மரியாதையா அச்சடிப்பாங்க, தொழில்முறை ஆளுக்கு வெறும் பேரு, இல்லன்னா இனிஷியல் பின்னாடி. கேப்டன் பதவி கிட்டத்தட்ட எப்பவுமே அமெச்சூருக்கு தான். இந்த ஏற்பாடு 1962 வரைக்கும் ஓடுச்சுன்னா நம்புவீங்களா? பீட்டில்ஸ் முதல் ரெக்கார்ட் வந்த வருஷம் அது.

அமெச்சூருக்கு சம்பளம் கிடையாது, வழிச்செலவு மட்டும் தான். (செலவுன்னு சொல்லி கிரேஸ் சம்பாதிச்சது எந்த கூலி ஆட்டக்காரனும் பாக்காத காசு, அது தனி கத.) அப்போ கோடை முழுக்க, மே மாசத்துல இருந்து ஆகஸ்ட் வரைக்கும், சம்பளம் இல்லாம கவுண்டி ஆடணும்னா வீட்டுல சொத்து இருக்கணும். காலின்ஸுக்கு அது கிடையாது. கிளிஃப்டன் சேரும்போதே அப்பா அம்மா ரெண்டு பேரும் போய்ட்டாங்க, டெவன் பக்கம் கார்டியன் வீட்டுல தான் லீவுக்கு போவார். ஜட்ஜ் பிள்ளை தான், ஆனா ஜட்ஜ் இல்லையே. அப்படிப்பட்ட பையன் காசு வாங்கிட்டு ஆடலாம்னா அதுவும் முடியாது, அந்த குடும்பத்துல பொறந்தவன் தொழில்முறை ஆட்டக்காரன் ஆகுறதுன்னா ஊர் ஒதுக்கி வச்ச மாதிரி. ஆக ஒரு உத்தியோகம் வேணும்.

1902-ல வூலிச் மிலிட்டரி அகாடமி போனார். இங்க ஒரு நுணுக்கம் இருக்கு. இங்கிலாந்துல ஆபீசர் ஆக ரெண்டு வாசல், சாண்ட்ஹர்ஸ்ட், வூலிச். குதிரப் படைக்கும் காலாட்படைக்கும் சாண்ட்ஹர்ஸ்ட். பீரங்கிப் படைக்கும் இன்ஜினியர்ஸுக்கும் வூலிச், அங்க கணக்கு நல்லா வரணும், பரீட்சைல மார்க் எடுத்தா தான் இன்ஜினியர்ஸ் கிடைக்கும். குதிரப் படைல ஆபீசரா இருந்தா சம்பளத்த வச்சு மெஸ் பில்லு கூட கட்ட முடியாது, வீட்டுல இருந்து பணம் வரணும். இன்ஜினியர்ஸ்ல ஒரு மாதிரி சம்பளத்துலயே காலம் தள்ளலாம். அம்மா அப்பா இல்லாத, மூளை இருக்குற பையன் ராயல் இன்ஜினியர்ஸ் போனதுல ஆச்சரியமே இல்ல. 1904-ல கமிஷன் ஆனார், அதாவது ஆபீசரா சேந்தார்.

கிரிக்கெட்ட விட்டுட்டாரான்னா இல்ல. ஸ்கூல்ல முதல் லெவனுக்கு ஆடினார், ரக்பி, ராக்கெட்ஸ் (ஸ்குவாஷ் மாதிரி சுவர்ல அடிக்கிற ஆட்டம்) எல்லாம் ஆடினார். ஆர்மில ரெஜிமென்ட் மேட்ச் ஆடினார். 1913-ல லார்ட்ஸ்ல ராயல் இன்ஜினியர்ஸுக்கும் ராயல் ஆர்ட்டிலரிக்கும் நடந்த மேட்ச்ல 58 அடிச்சிருக்கார். ஆனா அந்த 628 அவர் பின்னாடியே நிழலா வந்துச்சு, எங்க போனாலும் அந்த காலின்ஸா நீன்னு கேக்குறது அவருக்கு பிடிக்கலைன்னு தான் சொல்றாங்க, ஆள் கொஞ்சம் ஒதுங்கிப் போற ரகம். 13 வயசுல செஞ்ச ஒண்ண 25 வயசுலயும் விசாரிச்சா யாருக்கு தான் பிடிக்கும்.

1914 வசந்த காலத்துல கல்யாணம். ஆகஸ்ட்ல முதல் உலகப் போர். முதல் அலையிலேயே ஃபிரான்ஸ் போன பிரிட்டிஷ் படைல 5-வது ஃபீல்ட் கம்பெனி, ராயல் இன்ஜினியர்ஸ், அதுல இவர் கேப்டன். இன்ஜினியர்ஸ் வேல பாலம் கட்டுறது, பாலத்த தகர்க்குறது, முள்கம்பி போடுறது, அகழி வெட்டுறது. ஆனா அக்டோபர் நவம்பர்ல பெல்ஜியத்துல இப்ரெஸ் ஊர சுத்தி நடந்த முதல் சண்டையில ஆள் பஞ்சம் எந்த அளவுக்கு ஆச்சுன்னா சமையல்காரன் கையில கூட துப்பாக்கி கொடுக்குற நெலம. நவம்பர் 11 அன்னிக்கு ஜெர்மன்காரங்க பிரஷ்யன் கார்ட்ஸ்ங்கிற அவங்களோட பெரும்பேர் படைய ஏவி விட்டாங்க. பாலிகன் வுட் காட்டோரம் இருந்த இன்ஜினியர் கம்பெனியே காலாட்படை மாதிரி நின்னு சண்ட போட வேண்டியதாச்சு. அகழியோட ஒரு ஓரத்த காப்பாத்த இன்னும் ஆள் வேணும்னு சைகை காட்டிட்டு இருந்தப்போ காலின்ஸுக்கு அடிபட்டுது, அவரோட ஆளுங்க அகழிக்குள்ள இழுத்துட்டு வந்தும் கொஞ்ச நேரத்துல உயிர் போயிடுச்சு. வயசு 29. உடல் எதுன்னு அப்புறம் அடையாளம் தெரியல. இப்ரெஸ்ல மெனின் கேட்னு ஒரு நினைவு வாசல் இருக்கு, கல்லறை இல்லாத 54,000-க்கும் மேல ஆளுங்க பேர அதுல செதுக்கியிருக்காங்க, அதுல ஒண்ணு இவர் பேரு. அதே வாசல்ல நம்ம நாட்டு சிப்பாய்ங்க பேரும் இருக்கு, அது பல பேருக்கு தெரியாது. தம்பி ஹெர்பர்ட்டும் 1917-ல அதே போர்ல போய்ட்டார்.

---

நோ_பால் எழுதியது:

வாத்தி சார், கும்புடுறேன். ஆனா ஒரு எடத்துல இடிக்குது. ஆர்மி ஆபீசரா இருந்துக்கிட்டே கவுண்டி ஆடினவங்க எக்கச்சக்கமா இருக்காங்களே? மேஜர் பூர், கேப்டன் வின்யார்ட் எல்லாம்? அப்ப உத்தியோகம் ஒரு காரணமா சொல்ல முடியாதே.

---

வரலாறு_வாத்தி எழுதியது:

சரியான கேள்வி, பூர் கதையே இதுக்கு பதில். வேடிக்க என்னன்னா ரெண்டு கதையும் ஒரே கோடையில நடக்குது, 1899.

ராபர்ட் பூர், டப்ளின் பக்கம் பொறந்தவர், 7-வது ஹுஸ்ஸார்ஸ். குதிரப் படை! மேல சொன்னேனே, வீட்டுல பணம் இருக்குறவங்க எடம். ஆறடிக்கு மேல உயரம், வாள்வீச்சு, போலோ எல்லாத்துலயும் கெட்டி. இந்தியாவுக்கு போஸ்டிங் வந்து பம்பாய் கவர்னர் லார்ட் ஹாரிஸுக்கு ஏ.டி.சி.யா, அதாவது கூடவே இருக்குற ராணுவ உதவியாளரா இருந்தார். ஹாரிஸ் யாரு, இங்கிலாந்து முன்னாள் கேப்டன், கிரிக்கெட் பைத்தியம். அவர்கிட்ட ஏ.டி.சி. வேலைன்னா பாதி வேல கிரிக்கெட் ஆடுறது தான்னு வச்சுக்குங்க. அங்கிருந்து தென்னாப்பிரிக்கா போஸ்டிங், 1895-96-ல இங்கிலாந்து டீம் அங்க வந்தப்போ இவர் தென்னாப்பிரிக்காவுக்கு மூணு டெஸ்ட் ஆடினார். ஆமா, பிரிட்டிஷ் ஆபீசர், இங்கிலாந்துக்கு எதிரா. அப்ப யாரும் அத தப்பா எடுத்துக்கல.

1899-ல ஊருக்கு வந்தவர் ஹாம்ப்ஷயருக்கு ஆடினார். ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் ரெண்டு மாசம், ஏழு செஞ்சுரி, அதுல டான்டன்ல சாமர்செட்டுக்கு எதிரா 304. அந்த மேட்ச்ல தான் நீங்க சொன்ன வின்யார்டோட சேந்து ஆறாவது விக்கெட்டுக்கு 411. ரெண்டு பேருமே ஆர்மி ஆபீசர். சீசன் ஆவரேஜ் 91.23. இங்கிலாந்து சீசன்ல அத தாண்ட 1930-ல பிராட்மேன் வர வேண்டியிருந்துச்சு. 1927-ல இங்கிலாந்து ஆட்டக்காரர் ஜார்டின் 91.09 வரைக்கும் வந்து கோட்ட விட்டார்.

கிளிஃப்டன்ல காலின்ஸ் 628 அடிச்சதும் இதே ஜூன். ஆனா பூர் அதுக்கப்புறம் என்ன ஆனார்? அந்த வருஷமே தென்னாப்பிரிக்காவுல பிரிட்டிஷ்காரங்களுக்கும் டச்சு வழி வந்த போயர்களுக்கும் போயர் போர் வந்துச்சு, அங்க போய்ட்டார். திரும்பி வந்து எப்பவாச்சும் தான் ஆட முடிஞ்சுது, அந்த 1899 திரும்ப வரவே இல்ல. அதான் பாயிண்ட். ஆபீசர் கிரிக்கெட்ங்கிறது லீவும் போஸ்டிங்கும் முடிவு பண்றது. 33 வயசு, ஊர்ல போஸ்டிங், கையில காசு, மூணும் ஒரே கோடையில அமைஞ்சுது பூருக்கு. காலின்ஸுக்கு 29 வயசு வரைக்கும் அது அமையல, அதுக்கப்புறம் வயசே இல்ல.

---

ஷார்ட்லெக் எழுதியது:

இழை அருமையா போகுது, லேட்டா வந்துட்டேன். வாத்தி சார் சொன்ன அந்த ரெண்டு ஜாதி விஷயம் போர்லயும் அப்படியே தொடர்ந்துச்சு பாருங்க. கென்ட் டீம் எடுத்துக்குங்க. கென்னத் ஹட்ச்சிங்ஸ், அமெச்சூர், இங்கிலாந்துக்கு ஆடினவர், லெப்டினன்ட்டா 1916-ல ஃபிரான்ஸ்ல நடந்த சோம் சண்டையில செத்தார். அதே டீம்ல கோலின் பிளைத், தொழில்முறை ஆட்டக்காரர், 19 டெஸ்ட்ல 100 விக்கெட் எடுத்த லெஃப்ட் ஆர்ம் ஸ்பின்னர், தரம்னு பாத்தா ஹட்ச்சிங்ஸ விட பல மடங்கு பெரிய ஆள். அவர் சார்ஜென்ட். 1917-ல இப்ரெஸ் பக்கத்துலயே ஷெல் வெடிச்சு போய்ட்டார். மைதானத்துல எந்த கேட்டோ, பட்டாளத்துலயும் கிட்டத்தட்ட அந்த கேட்டு தான்.

இதுக்கு விதிவிலக்கா ஒருத்தர், பேரே மேஜர் பூத். மேஜர்ங்கிறது பதவி இல்ல, வச்ச பேரே அது தான். யார்க்ஷயர் தொழில்முறை ஆட்டக்காரர், ரெண்டு டெஸ்ட் ஆடினவர். பட்டாளத்துல சேந்து செகண்ட் லெப்டினன்ட் வரைக்கும் வந்தார், அதாவது பட்டாளத்துல லெப்டினன்ட் மேஜர் பூத். 1916 ஜூலை 1, சோம் சண்டையோட முதல் நாளே போய்ட்டார்.

---

கல்லி_ஃபீல்டர் எழுதியது:

லெப்டினன்ட் மேஜர் பூத், இத படிச்சிட்டு சிரிக்கிறதா அழுறதான்னு தெரியல. எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ஒரு வரி கேள்விக்கு இவ்ளோ வரும்னு எதிர்பாக்கல. வாத்தி சார், அந்த பூர் போயர் போர்ல என்ன பண்ணார், சண்ட போட்டாரா?

---

வரலாறு_வாத்தி எழுதியது:

புரோவோஸ்ட் மார்ஷலா இருந்தார் தம்பி, அதாவது ராணுவ போலீஸ் தலைமை. போயர் கைதிகள சுட்டுக் கொன்னதா பிரேக்கர் மோரன்ட்ங்கிற ஆபீசர் மேல நடந்த வழக்கு காலத்துல அந்த பதவில இருந்தது இவர் தான். பிரிகேடியர் ஜெனரலா ரிட்டயர் ஆகி 1938 வரைக்கும் இருந்தார். மோரன்ட் வழக்குக்கு தனி இழை போடுங்க, இங்க கலந்தா நோ_பால் சண்டைக்கு வந்துடுவார்.

---

நோ_பால் எழுதியது:

இழைய போடுங்க முதல்ல, சண்ட அங்க வச்சுக்கலாம்.